சோம்பேறித்தனம் இல்லை... வலி!



மார்கழி மாதத்தில்தான் ஆரம்பித்தது. விடிகாலையில் வாசல் தெளித்து, கோலம் போடக் குனிந்தால் மாவு விரலிடுக்கில் நிற்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரவே மாட்டேன் என்று அடம் பிடித்தன. பனிதானே காரணம் என்று விட்டுவிட்டேன். தை போய் மாசியும் வந்தது. விரல் மட்டும் சரியாகவில்லை. மணிக்கட்டு, பாதம், தோள் என்று வலி வேறு பரவியது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காயம் இல்லை, ஜுரம் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமே! பத்து மணிக்கு மேல் நான் சாதாரணமாக நடமாடுவேன். அதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "காலையில வேலை இருக்கறப்ப மட்டும் வர்ற வலி, அது என்ன வலியம்மா? உன் வயசுல நான் நாத்து நட்டுட்டு வந்து உலையும் வெச்சேன்" என்பார். கெட்ட மனசு இல்லை, பட்டென்று பேசிவிடுவார். என் கணவரோ, "டாக்டர்கிட்ட காட்டினோமே, ஒண்ணுமில்லன்னுட்டாரே" என்று முடித்துக்கொள்வார். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நாம் சோம்பேறிதானோ?

ஆனால் மனதுக்குள் வேறொரு பயம் இருந்தது. என் அம்மாவின் விரல்கள்! எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவை சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். சோற்றைப் பிசைந்து உருட்ட வராது. "வாதம், வயசானா வர்றதுதான்" என்றார்கள். அப்போது அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொடி வாங்கிச் சாப்பிட்டார். மூன்றே நாளில் எழுந்து நடந்தார். வீடே கொண்டாடியது. ஆறு மாதத்தில் முகம் பூசணிக்காய் போல ஊதி, சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது.

அதே போல ஒரு பொட்டலத்தைத்தான் பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் என்னிடம் நீட்டினார். பாசத்தோடுதான் கொடுத்தார். வலியின் கொடுமையில் என் கையும் நீண்டுவிட்டது. அம்மா முகம் நினைவுக்கு வந்ததும், "வேணாங்க்கா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

இதைப் பற்றிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாளிலேயே எழுந்து நடந்தாராம். உலகமே வியந்தது. 1950-ல் இதற்காக நோபல் பரிசும் கொடுத்தார்கள். முகம் ஊதுவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு பலவீனமாவதும் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது மருந்து. ஆனால் பெயர் தெரியாத பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று நாள் அதிசயத்தின் ரகசியம் இதுதான்!

பொட்டலம் வேண்டாம் என்றால் வேறு வழி வேண்டுமே? மூட்டு நோய் டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?" "ரொம்ப நேரம் டாக்டர்" என்றேன். "எத்தனை நிமிஷம்?" பதில் தெரியவில்லை. "எழுதிட்டு வாங்கம்மா" என்றார்.

மகளின் பழைய கணக்கு நோட்டில் மீதிப் பக்கங்கள் இருந்தன. எழுத ஆரம்பித்தேன். 5.30, பால் பாக்கெட் பிரிக்க முடியவில்லை. 6.15, குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிட்டேன். 7.45, மகளுக்கு ஜடை பின்ன விரல் மடங்கியது. ஆக இரண்டேகால் மணி நேரம்! பத்து நாளும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

நோட்டைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூட்டுத் தேய்மானம் என்றால் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடுமாம், வேலை செய்யச் செய்யத்தான் வலி கூடுமாம். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகுதான் விறைப்பு அதிகம், நடமாடினால் தளரும். என் மாமியார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்! உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

"சிக்குன்குனியா வந்ததா?" என்றும் கேட்டார். 2006-ல் தமிழ்நாட்டிலும் நம் புதுவையிலும் எத்தனை பேரை முடக்கிப் போட்டது! அந்தக் காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்கலாம். தைராய்டு கோளாறு, வைட்டமின் டி குறைவு இருந்தாலும் உடம்பு வலிக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம், "பாத்தியா, ஒண்ணுமில்ல!" என்று. டாக்டர் தலையாட்டவில்லை. நோய் உள்ளவர்களிலேயே பலருக்கு நெகட்டிவ் வருமாம், நோயே இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வருமாம். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு அடுத்த வாரம் தெரியும்.

காத்திருக்கிற இந்த நாட்களில் காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து மெல்ல மூடித் திறக்கிறேன். தவலையை இரண்டு கையாலும் தூக்குகிறேன். துணியைக் குழாயில் சுற்றி முறுக்கிப் பிழிகிறேன். டாக்டர் சொன்ன மாத்திரை தவிர வேறெதுவும் தொடுவதில்லை.

முடக்குவாதம் என்றே வந்தாலும், சீக்கிரம் மருந்து தொடங்கினால் அம்மாவுக்கு ஆனது போல விரல் கோணாமல் பெரும்பாலும் காப்பாற்றலாமாம். இதற்கு அதிகம் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு நாள்தான். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் நினைவில் வையுங்கள். நம் கோரிமேடு ஜிப்மரில் இந்த மாதிரி நோய்களைப் பார்க்க கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறையே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒருநாள் என் மகள் அந்த நோட்டைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை 5.30-க்கு அடுப்படிக்குப் போனால், பால் பாக்கெட் வெட்டி ஊற்றி, அடுப்பில் ஏறியிருந்தது. "நீ போயி வெந்நியில கைய வையி" என்றார்.

தோழியரே, விறைப்பும் வலியும் ஆறு வாரம் தாண்டினால் ‘பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்’ என்று விழுங்காதீர்கள். ஒரு பழைய நோட்டும் பென்சிலும் போதும். எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

- ஒரு வாசகி, ஒதியம்பட்டு