எலும்புப்புரைக்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் மருந்து

“கட்டுப் பிரித்தாயிற்று, கையும் நன்றாக இருக்கிறது. இப்போது எதற்கு ஊசி, டாக்டர்?” குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, சிகிச்சை முடிந்து வரும் பெண்மணிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. முறிந்த எலும்பு சேர்ந்துவிட்டது உண்மையே. ஆனால் நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், மற்ற எலும்புகளும் வலுவிழந்திருக்கக்கூடும். அடுத்த முறிவு இடுப்பில் நேர்ந்தால் அறுவை சிகிச்சை, நெடுநாள் படுக்கை, பிறர் துணையின்றி நடக்க இயலாமை எனக் குடும்பமே தடுமாறும். அதைத் தடுக்க உதவும் மருந்துகளுள் ஒன்று சோலெட்ரானிக் அமிலம்.

மருந்து செயல்படும் விதம்

எலும்பு நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து அகற்றும் செல்களும், புதிய எலும்பை உருவாக்கும் செல்களும் அதில் இடைவிடாது பணிபுரிகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு மிகுந்து, எலும்பு உள்ளுக்குள் மெலிகிறது. இதுவே ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை. ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும் முதிய ஆண்களுக்கும் இது வருவதுண்டு.

சோலெட்ரானிக் அமிலம் எலும்பில் படிந்து, அரிக்கும் செல்களை மட்டுப்படுத்துகிறது. அங்கேயே நெடுங்காலம் தங்குவதால், ஆண்டுக்கு ஒரு முறை 5 மில்லிகிராம் ஏற்றினால் போதும். எலும்புப்புரை கொண்ட 7,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவுகள் 70 விழுக்காடும் இடுப்பு முறிவுகள் 41 விழுக்காடும் குறைந்தன. எலும்பு அடர்த்தி குறைந்தும் எலும்புப்புரை நிலையை எட்டாத பெண்களுக்கு, முன்தடுப்பாக இதனை இன்னும் நீண்ட இடைவெளியில் அளிப்பதுண்டு.

இதே வகை மாத்திரைகளும் உள்ளன. அவற்றை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருத்தல் வேண்டும். உணவுக்குழாய்க் கோளாறு உள்ளோருக்கும் நிமிர்ந்து அமர இயலாதோருக்கும் ஏற்றும் மருந்தே ஏற்றது.

மருந்து ஏற்றுமுன்

இரத்தப் பரிசோதனைகளைத் தவிர்க்க வேண்டாம். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு இம்மருந்து தரலாகாது. இரத்தத்தில் கால்சியமோ வைட்டமின் டி-யோ குறைந்திருந்தால் அதை முதலில் சரிசெய்வோம். பல் பிடுங்கும் தேவை இருப்பின் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையோ, சிறுநீர் பிரிய உதவும் மாத்திரையோ உட்கொண்டால் தெரிவியுங்கள். அன்று வழக்கம்போல் உண்ணலாம். தண்ணீரைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருந்தாலன்றி, முன்னும் பின்னும் போதிய அளவு பருகுங்கள்.

மருந்து நரம்பு வழியே குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்றப்படும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

காய்ச்சல் வந்தால்

“நேற்று ஊசி போட்டீர்கள், இரவெல்லாம் அம்மாவுக்குக் காய்ச்சல்” என்று மறுநாள் பதறி அழைப்போர் பலர். முதன்முறை ஏற்றிக்கொள்வோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல், உடல்வலி, தலைவலி முதலியன தோன்றும். பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் தணிந்துவிடும். மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் போதுமானது. பொதுவாக இது ஒவ்வாமை அன்று. மருந்தினால் நோயெதிர்ப்புச் செல்கள் தற்காலிகமாகத் தூண்டப்படுவதன் விளைவு. அடுத்த ஆண்டு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த ஓரிரு நாள் துன்பத்துக்கு அஞ்சி இரண்டாம் ஆண்டு வராமலிருந்து, பின்னர் இடுப்பு முறிந்து வருவோரைக் காணும்போதுதான் வருத்தம் மிகுகிறது.

எனினும், காய்ச்சல் மூன்று நாட்களைக் கடந்தாலும், கண் சிவந்து வலித்தாலும், வாயைச் சுற்றி மரத்துப்போதலோ தசைப்பிடிப்போ ஏற்பட்டாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தோன்றினால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மிக அரிதாகத் தாடையெலும்பில் ஆறாத புண்ணும், நெடுநாள் பயன்பாட்டில் தொடையெலும்பில் முறிவும் ஏற்படலாம். தொடையிலோ கவட்டையிலோ புதிதாக வலி தொடர்ந்தால் காலந்தாழ்த்தாது தெரிவியுங்கள். இத்தகைய இடர்களைக் குறைக்கவே, பலருக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் நிலையை மறுமதிப்பீடு செய்து மருந்தைச் சிறிது காலம் நிறுத்துகிறோம். அம்முடிவை நீங்களாக எடுக்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுக்கொரு முறை என்பதால் இதனை மறப்பது எளிது. அடுத்த தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் தொடர்கின்றனவா எனப் பாருங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். எலும்பை வலுப்படுத்துவது மருந்தின் வேலை. விழாமல் காப்பது வீட்டாரின் வேலை.