தேர்தல் அரசியலும் இரட்டை அளவுகோலும்: இலங்கைப் பெண் தலைமை பற்றிச் சில குறிப்புகள்

1952 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க காலமானதும் அவர் மகன் டட்லி அப்பதவியை ஏற்றார். 1959 செப்டெம்பரில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டபின், 1960 யூலைத் தேர்தலில் அவர் மனைவி சிறிமாவோ கட்சியை வெற்றிக்கு இட்டுச் சென்று உலகின் முதற் பெண் பிரதமரானார். இரண்டுமே குடும்ப உறவின் வழிவந்த தலைமைகள். ஆயினும் மகனுக்குக் கிடைத்தது வாரிசுரிமை எனப்பட்டது. மனைவிக்குக் கிடைத்ததோ அனுதாப வாக்கு எனப்பட்டது. ‘அழும் விதவை’ என்று அவரை எள்ளியவர்கள், தந்தையை இழந்த டட்லியை ‘அழும் மகன்’ என்று கூறியதாக நாமறியோம்.

டட்லி 1947 முதல் அமைச்சராக இருந்தவர், சிறிமாவோவுக்கு அத்தகைய அனுபவம் இருந்ததில்லை என்று வாதிடலாம். இவ்வாதம் முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அனுபவம் என்பதை எவ்வாறு வரையறுக்கிறோம் என்பதே இங்கு வினா. 1941 முதல் லங்கா மகிளா சமிதியில் இணைந்து கிராமப் பெண்களிடையே பணியாற்றியவர் சிறிமாவோ. கிராமத்தின் சுகாதாரமும் உணவும் குடிசைக் கைத்தொழிலும் ஆண் ஒருவரின் பொறுப்பில் இருந்திருப்பின் அவை ‘கிராம அபிவிருத்தி’யாகி, அரசியற் பயிற்சியாகக் கணிக்கப்பட்டிருக்கும். பெண் செய்தமையால் அவை ‘சமூக சேவை’யாகி, கணக்கிற்குப் புறம்பாயின. வீட்டில் பெண்ணின் உழைப்பை உழைப்பென மதியாத அதே கருத்துநிலையே பொதுவாழ்விலும் தொழிற்படுவதைக் காண்கிறோம். டட்லி இறுதிவரை மணம் புரியாதவர் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. குடும்பமில்லாமை அவரது தகுதிக்கு ஊறாக எண்ணப்படவில்லை. சிறிமாவோவின் தகுதியோ குடும்பத்தைக் கொண்டே அளக்கப்பட்டது.

இந்நிலைமை 1960 இல் திடீரெனத் தோன்றியதன்று. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927 இல் அமைக்கப்பட்டு, டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற உயர்குழாத்தினர் பெண்ணுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்து நின்றனர். ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே அதனைப் பரிந்துரைத்தது. ஈற்றில் 1931 இல் இருபத்தொரு வயதெய்திய இருபாலாருக்கும் அது கிட்டிற்று. ஆனால் வாக்களிக்கும் உரிமை வேறு. வேட்பாளராகும் வாய்ப்பு வேறு. அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண்ணாகிய அட்லின் மொலமூறே, தந்தை இறந்தமையால் வெற்றிடமான றுவன்வெல்லத் தொகுதியில் 1931 இன் இறுதியில் வென்றார். கணவர் தேர்தல் மனுவினால் ஆசனம் இழக்க, 1932 இல் கொழும்பு வடக்கில் வென்றவர் நேசம் சரவணமுத்து. ஆண் ஒருவர் விட்டுச் சென்ற ஆசனமே பெண்ணுக்குத் திறந்த கதவாயிற்று. நிலவுடைமைக் குடும்பம் சொத்தைப் பேணுவதுபோலவே தொகுதியையும் பேணிற்று. தகுந்த ஆண் இல்லாதவிடத்துப் பெண் அதன் காவலாளியானாள்.

இடதுசாரிகளும் இதற்கு முற்றிலும் விலக்கல்லர். 1947 இல் கிரியெல்லவில் வென்று பாராளுமன்றத்தின் முதற் பெண் உறுப்பினரான புளோரன்ஸ் சேனாநாயக்க லங்கா சமசமாசக் கட்சியினர். விவியன் குணவர்த்தனவோ போராட்டங்களில் உருவானவர். எனினும் பிலிப் குணவர்த்தன ஆசனம் இழந்தபோது அவிசாவளையில் நிறுத்தப்பட்டவர் அவர் மனைவி குசுமசிறியே. வர்க்கப் போராட்டம் பற்றித் தெளிவாக எழுதிய நமது முன்னோடிகள் இதனைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

1994 நவம்பர் சனாதிபதித் தேர்தலில் இம்முரண் உச்சத்தை அடைந்தது. பிரதான வேட்பாளர் இருவரும் கொலையுண்ட அரசியல்வாதிகளின் மனைவியர். சந்திரிகா குமாரதுங்க 62 விழுக்காட்டிற்கு மேல் வாக்குப் பெற்றார். காமினி திசாநாயக்க கொல்லப்பட்டு ஏறக்குறைய இரு வாரங்களில் அவர் மனைவி சிறிமா வாக்காளர் முன் நிற்க வேண்டியதாயிற்று. துக்கம் காத்தாலும் குறை, காவாவிடினும் குறை என்ற நிலை ஆண் வேட்பாளர் எவருக்கும் நேர்ந்ததில்லை.

உறவின் துணையின்றி வரும் பெண்ணுக்கோ வேறு தடைகள். விருப்பு வாக்கு முறையில் வேட்பாளர் தம் கட்சியினருடனேயே போட்டியிட வேண்டும். மாவட்டம் முழுவதும் பணத்தை வாரியிறைத்து, இரவிலும் அலைய வேண்டும். இரவில் கூட்டத்திற்குச் செல்லும் ஆண் மக்கள் தொண்டன். பெண்ணாயின் அவளது ஒழுக்கம் பேசுபொருள். ஒரே பட்டியலில் உள்ள போட்டியாளருக்கு இதைவிட மலிவான ஆயுதம் வேறில்லை.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 விழுக்காட்டை ஒதுக்கிய 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2018 இல் தேர்தல் நடந்தது. அதுவரை ஏறத்தாழ இரண்டு விழுக்காடாயிருந்த பெண்களின் பங்கு இருபதைத் தாண்டியது. பெரும் மாற்றமே. ஆயினும் வட்டார வேட்பாளருள் பத்து விழுக்காட்டையும், மேலதிகப் பட்டியலில் ஐம்பது விழுக்காட்டையுமே சட்டம் வேண்டிநின்றது. ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியே வந்தனர். வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வெல்லும் வாய்ப்பைக் கட்சிகள் ஆண்களுக்கே வைத்துக்கொண்டன. பின்னர் ‘வாக்குப் பெறாது வந்தவர்’ என்று பெண்ணைக் குறைகூறுவதற்கும் வழி பிறந்தது. 2024 இல் குடும்பப் பின்புலமற்ற கல்வியாளர் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். மலையகத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றனர். அப்பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களிலும் பெண்கள் பெற்றவை ஏறத்தாழ பத்து விழுக்காடே.