பழைய ஜீப்பும் புதிய வசதிகளும்

ஜீப் வண்டியைக் கொங்கு நாட்டு உழவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக உருவான அவ்வண்டியை, நம் நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் மகேந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அன்று தொட்டு இட்டேரியிலும் மேட்டாங்காட்டிலும் மலைப்பாதையிலும் அது உழைத்து வருகிறது. அன்னூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பது, நாற்பது வயதான ஜீப்புகளை இன்றும் காணலாம். அவற்றைப் பற்றி உடையவர்கள் கூறும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. திருப்புவதற்குத் தோள்வலிமை வேண்டும்; உள்ளே அமர்வதற்குப் பொறுமை வேண்டும். இவ்விரு குறைகளையும் நம் கையாலேயே தீர்த்துக்கொள்ள முடியுமா, எதுவரை முடியும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் வீட்டில் இருப்பது மகேந்திரா எம்.எம். 540. என் தந்தையார் 1989இல் வாங்கியது. என் வலத் தோள்மூட்டு தேய்ந்திருப்பதாகவும், இறுகிய சக்கரத்தைத் திருப்பலாகாது என்றும் மருத்துவர் கூறினார். என் மனைவிக்கோ புழுதி ஆகாது; இளைப்பு வந்துவிடும். தாளவாடியில் எங்களுக்குச் சிறிது நிலம் உண்டு. அன்னூரிலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி வழியாக அங்குச் செல்ல வேண்டுமானால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். வண்டியை விற்றுவிடுங்கள் என்றனர் பிள்ளைகள். விற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பவர் ஸ்டியரிங்கும் ஏ.சி.யும் பொருத்துவது பற்றி ஆராயத் தொடங்கினேன்.

முதலில் ஸ்டியரிங். நாம் கைச்சக்கரத்தைத் திருப்பும்போது ஸ்டியரிங் பெட்டிக்குள் உள்ள பல்லமைப்பு அந்தச் சுழற்சியை ஒரு கையின் அசைவாக மாற்றுகிறது. அக்கை டிராக் லிங்க் என்னும் தண்டைத் தள்ளுகிறது. டை ராடு இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துத் திருப்புகிறது. பவர் ஸ்டியரிங்கில் இவை யாவும் அப்படியே உண்டு. கூடுதலாக, என்ஜின் சுழற்றும் ஒரு பம்பு எண்ணெயை ஒரு சதுர அங்குலத்திற்கு 1,000 இராத்தலுக்கு மேற்பட்ட அழுத்தம் வரை தரவல்லது. கைச்சக்கரத் தண்டோடு இணைந்த மெல்லிய முறுக்குத் தண்டு ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. நாம் திருப்பும் பக்கம் அது சிறிதளவு முறுகியவுடன் எண்ணெய் வழி அந்தப் பக்கம் திறக்கிறது. வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து மறுமடையைத் திறந்துவிடுவது போன்றதே இது. வழியைக் காட்டுவது நம் கை; பாரத்தைத் தள்ளுவது எண்ணெய். பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1926இலேயே இதனைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும் 1951இல்தான் கிரைஸ்லர் நிறுவனம் இதனை விற்பனைக் கார்களில் தந்தது. நம் ஜீப் மரபில் 2010இல் வெளிவந்த தார் வண்டியின் சி.ஆர்.டி.இ. வகைக்கு இவ்வசதியும் ஏ.சி.யும் வாய்த்தன. பழைய ஜீப்புக்காரர்கள் அத்தகைய பிற்கால வண்டிகளின் பெட்டியையும் பம்பையும் தேடி அலைவது அதனால்தான்.

ஆனால் பெட்டியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பட்டறையில் ஒரு தம்பி என்னிடம், "பவர் போட்டுட்டா ஆட்டமெல்லாம் நின்னு போகுமுங்கண்ணா" என்றார். இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. தேய்ந்த மூட்டுகளின் தளர்ச்சியைப் பவர் ஸ்டியரிங் போக்காது. கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் மரக்கச் செய்வதற்கு ஒப்பானது அது. ஆகவே முதலில் நோயைக் காண வேண்டும். இதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒருவர் வண்டியில் அமர்ந்து கைச்சக்கரத்தை இடமும் வலமுமாகச் சிறிதே அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் தண்டு அசைந்த பின்னர் மறுபக்கத் தண்டு தாமதித்து அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்தது என்று பொருள். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் பேரிங்கின் நிலை தெரியும். என் வண்டியில் டை ராடு முனைகள் இரண்டும், கிங் பின் பேரிங்குகள் நான்கும், பட்டை வில்லின் சாக்கிள் புஷ்களும் போயிருந்தன. அவற்றை மாற்றிக் கிரீஸ் ஏற்றியதுமே பாதிக் கனம் குறைந்துவிட்டது. தோள் நலமாக உள்ளவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. செலவு மிச்சம், வண்டியின் இயல்பும் கெடாது.

என் தோளுக்கு அது போதவில்லை. பெட்டியை மாற்றுவதில் உயிர்நிலையான இடம் சேஸிஸ் சட்டமே. எண்ணெயின் விசை எவ்வளவோ அதே அளவு எதிர்விசை பெட்டியைப் பிடித்திருக்கும் சட்டத்தின்மீது வந்து விழும். பழைய பெட்டிக்கு மனிதக் கையின் விசையைத் தாங்கினால் போதும். புதியதற்கு அது போதாது. மெல்லிய தகடு நாளடைவில் துளையோரத்தில் விரிசல் கண்டுவிடும். ஆதலால் சட்டத்தின் இருபுறமும் தடித்த தகடு கொடுத்து, போல்ட் செல்லும் துளைகளுக்குள் இரும்புக் குழலைச் செருகிப் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் மரையை இறுக்கும்போது சட்டம் நசுங்காது. இந்தப் பற்றவைப்பையும் கடைசல் வேலையையும் நான் செய்யவில்லை. தேர்ந்த கைகளிடம் ஒப்படைத்தேன். ஜி. டி. நாயுடு வாழ்ந்த கோயம்புத்தூரில், பம்பும் மோட்டாரும் செய்து பழகிய பட்டறைகளுக்குப் பஞ்சமா என்ன? ஸ்டியரிங் தண்டு நீளம் போதவில்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒட்டிப் பற்றவைத்துத் தரும் இடங்களும் இருக்கின்றன. அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பள்ளமைந்த இணைப்புத் தண்டும் குறுக்கே போல்ட் பூட்டிய யுனிவர்சல் ஜாயிண்டும்தான் அங்கே வேண்டும். எண்ணெய்க் குழாயும் அப்படியே. அழுத்தம் தாங்கும் குழாய்க்கு எந்திரத்தில் முனை பிடித்துத் தருகிறார்கள். தண்ணீர்க் குழாயில் கிளிப் மாட்டி ஓட்டுவது, சூடான புகைப்போக்கியின்மேல் எண்ணெயைப் பீய்ச்சித் தீ வளர்ப்பதாகும்.

பவர் ஸ்டியரிங் பொருத்தியபின் வண்டி நேர்ச்சாலையில் அலைபாய்கிறது என்று பலர் குறை கூறுவர். மிதிவண்டியின் முன்கவை பின்சாய்வாக இருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேரே ஓடுகிறது. ஜீப்பின் முன் அச்சுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. பழைய ஜீப்பில் அது 3 பாகை அளவே. கைப்பாரம் கூடிவிடாமல் இருப்பதற்காகக் குறைத்து வைத்தது. பவர் வந்தபின் அதனைச் சற்றுக் கூட்டலாம். அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு கொடுத்ததும் என் வண்டி அடங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்பைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால் உதவி நின்றுவிடும். சக்கரம் திரும்பாமல் போகாது. ஆனால் பழைய பெட்டியைவிடக் கனமாகத் திரும்பும். திம்பத்தின் வளைவில் இதை முதன்முறையாக அறிவது நல்லதன்று. ஆகையால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இரு கைகளாலும் சிரமப்பட்டுத் திருப்ப முடிந்தது. முடியாதிருந்தால் மலைப்பாதைக்குச் செல்லும் எண்ணத்தை விட்டிருப்பேன்.

இனி ஏ.சி. மண்பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஏ.சி.யின் அடிப்படையும் இதுவே. இங்கே நீருக்குப் பதில், வளிமண்டல அழுத்தத்தில் பூச்சியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் ஆர் 134ஏ என்னும் பொருள். கம்பிரசர் அதனை அழுத்துகிறது. வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சர் அதன் சூட்டைக் காற்றில் விட்டுத் திரவமாக்குகிறது. உள்ளே உள்ள எவாப்பரேட்டரில் அது மீண்டும் ஆவியாகி அறையின் சூட்டை உறிஞ்சுகிறது. 1940ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் பேக்கார்டு நிறுவனம் இதைத் தந்தபோது, நிறுத்த வேண்டுமானால் என்ஜின் மூடியைத் திறந்து பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

நமக்குள்ள தொல்லை வேறு. எம்.எம். 540இன் பெஜோ டீசல் என்ஜின் 2,112 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. திறனோ 60 குதிரைத் திறனை ஒட்டியதே. அதில் மூன்று முதல் ஐந்து வரை கம்பிரசர் எடுத்துக்கொள்ளும். விசிறிகள் இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். இரவில் முகவிளக்கும் எரிந்தால் பழைய ஆல்டர்னேட்டர் திணறும். மேலும், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சரை நிறுத்துவதால் என்ஜினுக்குக் கிடைப்பது சுடுகாற்றே. எனவே ரேடியேட்டரைத் திறந்து தூர்வாரி, விசிறியைச் சுற்றிக் கூண்டு அமைத்த பின்னரே கம்பிரசரில் கைவைத்தேன். திம்பம் ஏறும்போது சூட்டுமானி உயர்ந்தால் ஏ.சி.யை நிறுத்திவிடுகிறேன். மலை ஏற ஏறக் காற்றே குளிர்ந்துவிடுகிறதே!

ஆனால் இந்தப் பாடெல்லாம் படுவதற்கு முன், கான்வாஸ் கூரையுடைய ஜீப்பில் குளிர் நிற்குமா என்று கேட்க வேண்டும். நிற்காது. பெடல்கள் நுழையும் துளைகள், தரையின் ஓட்டைகள், கதவின் இடுக்குகள் யாவும் அடைபட வேண்டும். உலோகக் கூரையும் ரப்பர் விளிம்புக் கதவும் வேண்டும். என் வேலையில் நெடுநாள் பிடித்தது இதுதான். புகழ் இல்லாத வேலை. இதை முடித்ததுமே உள்ளே புழுதி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. என் மனைவிக்குக் குளிரைவிட இதுவே பெரிய உதவி.

வாயு நிரப்புவதை மட்டும் நாமே செய்யலாகாது. முன்னாளில் பயன்பட்ட ஆர் 12 ஓசோன் படலத்தை அரித்ததால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி படிப்படியாக விலக்கப்பட்டது. ஆர் 134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில், ஒரு கிலோ 1,300 கிலோ கரிவளிக்கு மேல் ஈடாகும். ஆகவே பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடக்கூடாது. அது தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். தீயில் பட்டால் நச்சுப்புகை பிறக்கும். குழாய்களில் உள்ள ஈரத்தை வெற்றிடப் பம்பினால் நீக்கிய பின்னரே நிரப்ப வேண்டும். பழைய கம்பிரசரில் ஆர் 12க்குரிய கனிம எண்ணெய் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதிய வாயுவோடு அது கலவாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. கான்வாஸ் கூரையை உலோகக் கூரையாக்குவது போன்ற மாற்றங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே தொடங்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும் அல்லவா? காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

இப்போது தாளவாடிக்கு மாதம் இருமுறை சென்று வருகிறோம். முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் வண்டியின் கீழ் படுத்து, ஸ்டியரிங் பெட்டியின் நான்கு மரைகளையும் ஸ்பானரால் முறுக்கிப் பார்த்தேன். இரண்டு மரைகள் கால் சுற்று ஏற்றுக்கொண்டன. அடுத்த 500இல் ஒன்றும் அசையவில்லை.