வாங்குபவர் வாசிக்கும் முதல் வரி

சந்தைக்குக் கொண்டுபோகும் மரக்கறியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் 'கழிவு' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததே. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, மல்லாகம், சுன்னாகம் பக்கங்களில் இரவல் காணியிலும் குத்தகைக் காணியிலும் தோட்டஞ் செய்த குடும்பங்களுக்கும், பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிப் பற்றை வெட்டி முதலிலிருந்து தொடங்கியவர்களுக்கும் அந்தப் பத்தில் ஒன்று சிறிய தொகையல்ல. அதனால்தான் பாவனையாளருக்கு நேரடியாக விற்கப் பலரும் முயல்கிறார்கள். படலையில் ஒரு பலகை, கோயிலடியில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம், கொழும்பிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி என்று இது பல விதமாக நடக்கிறது.

இவை எல்லாவற்றிலும் பெரும்பகுதி வேலையைச் செய்வது முதல் வரிதான். காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் பலகையில் ஒரு வரிக்கு மேல் வாசிக்கமாட்டார். அந்த வரி அவரை நிறுத்தாவிட்டால், கீழே எழுதிய விலையும் தொலைபேசி இலக்கமும் எழுதாததற்குச் சமம்.

சொற்களை மாற்றினால் விற்பனை உண்மையில் மாறுமா? இதற்கு நல்ல சாட்சி 1920களில் அமெரிக்காவில் கிடைத்தது. கன்சாஸ் மாநிலத்தின் ஜிரார்ட் என்ற சிற்றூரில் இமானுவேல் ஹால்டெமன்-ஜூலியஸ் என்பவர் ஐந்து சதத்துக்குச் சிறு புத்தகங்களை அச்சடித்துத் தபாலில் விற்றார். பத்திரிகை விளம்பரத்தில் படமோ விளக்கமோ இல்லை. தலைப்புகளின் பட்டியல் மட்டுமே இருக்கும். வாசகர் தலைப்பை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்து காசை அனுப்பவேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகூட விற்காத புத்தகத்தை அவர் 'ஆஸ்பத்திரி'க்கு அனுப்புவார். அங்கே பெரும்பாலும் நடந்த வைத்தியம் தலைப்பை மாற்றுவதுதான்.

ஜேர்மன் தத்துவஞானி சோப்பன்ஹவரின் ஒரு நூல் 'வாதக் கலை' என்ற பொருள்படும் தலைப்பில் விலைபோகாமல் கிடந்தது. 'தர்க்கரீதியாக வாதாடுவது எப்படி' என்று மாற்றியதும் முப்பதாயிரம் பிரதிகள் விற்றன. 'இரும்பு முகமூடியின் மர்மம்' என்றிருந்ததை 'இரும்பு முகமூடி அணிந்த மனிதனின் மர்மம்' என்று ஆக்கினார். பதினோராயிரமாக இருந்த ஆண்டு விற்பனை முப்பதாயிரமாயிற்று. கூடியது ஒரு மனிதன் மட்டுமே! காதல் வாடை வீசும் தலைப்புகளாலும் அவர் நிறையச் சம்பாதித்தார். அது வேறு கதை. நாம் கவனிக்கவேண்டியது, உள்ளே இருந்த எழுத்தை அவர் மாற்றவில்லை என்பதையே. உள்ளே இருப்பதை வாசகருக்கு விளங்கும் மொழியில் வெளியே சொன்னார். 'வாதக் கலை' என்பது நூலின் பெயர். 'வாதாடுவது எப்படி' என்பதோ வாங்குபவருக்குக் கிடைக்கப்போவது.

எமது பலகைகளைப் பாருங்கள். 'மரக்கறி விற்பனைக்கு உண்டு' என்றால் விற்பவரின் தேவை மட்டுமே தெரிகிறது. மரக்கறி சுன்னாகத்திலும் உண்டு, மருதனார்மடத்திலும் உண்டு. 'இன்று காலை பிடுங்கிய கத்தரிக்காய்' என்றால் வாங்குபவருக்கு அங்கே கிடைக்காத ஒன்று தெரிகிறது. 'மாம்பழம்' என்று எழுதுவதைவிடக் 'கறுத்தக் கொழும்பான்' என்று எழுதுவது மேல். ஊருக்கு வந்து கொழும்புக்கோ கனடாவுக்கோ திரும்புகிறவர் தேடுவது அந்தப் பெயரைத்தான். அவருக்கே 'மூன்று நாளில் பழுக்கும், பெட்டியில் கட்டித் தரப்படும்' என்றும் சொன்னால் அவருடைய அடுத்த கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். மூன்று நாளில் பழுக்குமா என்பதை மட்டும் முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிச் சற்றுக் கூச்சமான விடயம். 'இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு உதவுங்கள்' என்று தலைப்பிடலாமா? சொல்வது உண்மைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நின்று வாங்குவோரும் இருப்பார்கள். ஆனால் இரக்கத்தால் வாங்குபவர் தம் கடமை முடிந்ததென்று போய்விடக்கூடும். வெங்காயம் நல்லதென்று வாங்கியவர் அது முடிந்ததும் வருவார். அதோடு, இரக்கம் காட்டியவரிடம் நியாய விலை கேட்க எமக்கே வாய் வராது. ஆகவே பொருளின் சிறப்பு முதல் வரியில் வரட்டும். 'வறுத்தலைவிளானில் எமது சொந்தத் தோட்டத்தில் விளைந்தது' என்பதைக் கீழே எழுதலாம். அந்த ஊரின் கதை தெரிந்தவருக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

'நஞ்சு தெளிக்காதது' என்ற சொல்லுக்கு இப்போது பெரிய இழுவை உண்டு. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்று கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மக்கள் பயந்திருக்கிறார்கள். இரண்டு தரம் மருந்தடித்த பயிற்றங்காய்க்கு அந்தத் தலைப்பைப் போட்டால், தெளிகருவியோடு நின்ற உங்களை வேலிக்கு அப்பால் கண்டவரே அதைச் சொல்லிவிடுவார். 'பிடுங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே மருந்தை நிறுத்தினோம்' என்பது உண்மையானால் அதையே எழுதுங்கள். அதுவும் நல்ல தலைப்புத்தான்.

எந்த வரி கூட ஆட்களைக் கொண்டுவரும் என்பதை இருந்த இடத்தில் ஊகிப்பது கடினம். அமெரிக்க விளம்பரக்காரர் குளோட் ஹொப்கின்ஸ் 1923இல் எழுதிய நூலில் வெட்டி அனுப்பும் கூப்பன்களை எண்ணிப் பார்க்கும்படி வற்புறுத்தினார். அதை நாமும் செய்யலாம். இரண்டு தலைப்புகளில் துண்டுப்பிரசுரம் எழுதுங்கள். பொருள், விலை, கடதாசி எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும், முதல் வரி மட்டும் வேறு. 'இதைக் கொண்டுவந்தால் ஒரு பிடி கறிவேப்பிலை இலவசம்' என்று இரண்டின் அடியிலும் எழுதுங்கள். ஒரே நாளில், ஒரே ஒழுங்கையில், ஒரு வீட்டுக்கு ஒன்று, அடுத்த வீட்டுக்கு மற்றது என மாறிமாறிக் கொடுங்கள். திரும்பி வரும் துண்டுகளை இரண்டு பேணிகளில் போட்டு வையுங்கள்.

ஒரு கிழமை ஒரு தலைப்பு, மறுகிழமை மற்றது என்று பரீட்சிப்பது சரிவராது. தைப்பொங்கலுக்கு முந்திய கிழமையில் எந்தத் தலைப்பும் விற்கும். ஒரு பேணியில் மூன்றும் மற்றதில் ஐந்துமாக இருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யவேண்டாம், இன்னும் நூறு துண்டு கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் பத்தும் மற்றதில் முப்பதும் சேர்ந்தால் முப்பது வந்த வரியைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதலாம். தோற்ற வரியையும் கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். அடுத்த போகத்தில் வேறு பொருளுக்கு அது பயன்படக்கூடும்.