எருக்குழியில் ஓர் உப்புப் பகுப்பாய்வு

"கொட்டகையில நாத்தம் தாங்கல சார், ஈ வேற மொய்க்குது. என்ன போட்டா நிக்கும்?" என்று சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னேன். என் பாட்டி அப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான், யோசிக்கவே இல்லை. நான்காம் நாள் மீண்டும் வந்தாள். "ஈ கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார். ஆனா காலையில உள்ள போனா கண்ணு எரியுது. உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க அம்மா."

அன்று பிற்பகல் வேதியியல் ஆய்வகத்தில் அம்மோனியம் அயனிக்கான சோதனை. உப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் கார நெடியுள்ள வாயு வெளிவரும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டினால் வெண்புகை எழும். சோதனைக்குழாயிலிருந்து நெடி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாட்டின் சிறுநீரில் அம்மோனியம் இருக்கிறது. சாம்பல் ஒரு காரம். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் நடத்தி வரும் சோதனையைத்தான் அந்தக் குடும்பத்தின் கொட்டகையில் செய்ய வைத்திருக்கிறேன். கண்ணை எரித்தது அவர்கள் வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்து.

அதே வீட்டில் யூரியா மூட்டை வாங்குகிறார்கள். 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 21 கிலோ. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹேபர் முறையில் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிணைத்து, இயற்கை எரிவாயுவைச் செலவழித்துச் செய்தது அது. பொட்டாஷுக்கோ நம் நாடு ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதியை நம்பியிருக்கிறது. அந்த இரண்டும் கொட்டகைத் தரையில் தினமும் வழிந்தோடுகின்றன.

பசு தின்ற தீவனத்திலுள்ள சத்துகளில் சிறுபகுதியே பாலுக்கும் உடலுக்கும் போகிறது. மீதி வெளியே வருகிறது. ஆனால் ஒரே வழியாக அல்ல. தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் சிறுநீரில் இருக்கின்றன. மணிச்சத்து மட்டும் அநேகமாக முழுவதும் சாணத்தில். நாம் அக்கறையாக அள்ளிக் கூட்டிச் சேர்ப்பது சாணத்தை. வாய்க்காலில் விட்டுவிடுவது சிறுநீரை. தொழு உரத்தில் சத்து குறைவு என்று விவசாயிகள் சொல்வதில் நியாயம் உண்டு. பாதியைக் குழிக்கு வருமுன்பே தொலைத்துவிடுகிறோம்.

சிறுநீரில் தழைச்சத்து முதலில் யூரியாவாகவே இருக்கிறது. யூரியா ஆவியாகாது. சாணத்திலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிரிகளின் யூரியேஸ் நொதி பட்டதும், சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் அது அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் உடைந்துவிடுகிறது. (படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதியே இந்த யூரியேஸ்தான். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் நம் வாளவரையின் நெருங்கிய இனமான ஜாக் பீன்ஸிலிருந்து அதைப் பிரித்தார். நொதி என்பது புரதம் என்று காட்டிய அந்த வேலைக்கு 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நொதிகள் பாடத்தில் சொல்ல நல்ல செய்தி.)

அம்மோனியம் உருவானபின் அதன் விதியைத் தீர்மானிப்பது பி.எச். மதிப்பு. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அம்மோனியா வாயு வடிவில் இருக்கும். 8 ஆனால் ஐந்து பங்கு. 9.25-இல் சரிபாதி. 11-இல் கிட்டத்தட்ட முழுவதும். மரச் சாம்பலை நீரில் கரைத்தால் பி.எச். 10-ஐத் தாண்டும். சுண்ணாம்பும் அப்படியே. வேதிச் சமநிலைப் பாடத்தில் லீ சாட்லியர் கொள்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இருந்தும் இத்தனை ஆண்டுகள் நான் அதைச் சொன்னதில்லை.

மறுவாரம் வகுப்பிலேயே செய்து பார்த்தோம். மூன்று பாட்டில்களில் மாட்டுச் சிறுநீரும் சிறிது சாணமும். ஒன்றில் சாம்பல், ஒன்றில் ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட், மூன்றாவதில் எதுவுமில்லை. ஒவ்வொன்றின் வாய்ப்பகுதியிலும் ஈரமான மஞ்சள் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு, மூடியைத் தளர்வாக வைத்தோம். சாம்பல் போட்டதன் தாள் அன்று மாலைக்குள் சிவந்துவிட்டது. எதுவும் போடாதது மறுநாள் காலையில் சிவந்திருந்தது. சூப்பர் பாஸ்பேட் போட்டதில் அப்போதும் மஞ்சளாகவே இருந்தது. அந்த உரம் அமிலத் தன்மை உடையது. அம்மோனியத்தை உப்பாகவே பிடித்து வைக்கிறது. தொழு உரத்துடன் சூப்பர் பாஸ்பேட் கலந்து மூடி வைக்கும் 'ஊட்டமேற்றிய தொழு உரம்' என்ற பரிந்துரைக்குப் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. ஜிப்சமும் ஓரளவு உதவும். அம்மோனியம் கார்பனேட்டும் ஜிப்சமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல்லும் அம்மோனியம் சல்பேட்டும் கிடைக்கும். 1951-இல் உற்பத்தியைத் தொடங்கிய சிந்திரி உரத் தொழிற்சாலையில் அம்மோனியம் சல்பேட் தயாரித்தது இதே வினையால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அமிலம் நல்லது என்று கேட்ட ஆர்வத்தில் பழைய சாணக் கரைசலில் யாரும் கந்தக அமிலத்தை ஊற்றிப் பார்க்க வேண்டாம். டென்மார்க்கில் பண்ணைகளில் அப்படிச் செய்கிறார்கள். அதற்கென மூடிய தொட்டியும் காற்றோட்ட ஏற்பாடும் உண்டு. நாள்பட்ட சாணக் கரைசலில் சல்பைடு இருக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது உயிரைப் பறிக்கும் வாயு. சாண எரிவாயுத் தொட்டிக்குள் மாணவர் எவரையும் எட்டிப் பார்க்கவும் விடக் கூடாது.

சாம்பல் செய்த அதே வேலையைப் பெரிய அளவில் வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கழிவுநீரைச் சூடாக்கி, காரமாக்கி, காற்றை ஊதி அம்மோனியாவை வெளியேற்றுகிறார்கள். வேறுபாடு ஒன்றே: வெளியேறும் காற்றை அவர்கள் வானத்தில் விடுவதில்லை, கந்தக அமிலம் தூவும் கோபுரத்துக்குள் செலுத்துகிறார்கள். அடியில் சேர்வது அம்மோனியம் சல்பேட் கரைசல், அதாவது உரம். நம் கண்ணாடித் தண்டு நுனியில் எழும் வெண்புகையும் அம்மோனியம் குளோரைடு. அதுவும் உரமாக விற்கப்படும் உப்புதான். அந்தப் புகையை நாம் 'உண்டு' என்று எழுதிவிட்டுக் கழுவி விடுகிறோம்.

மணிச்சத்தைப் பிடிக்கும் வழியும் அதே ஆய்வக மேசையில் இருக்கிறது. மக்னீசியம் அயனிக்கான சோதனையில், அம்மோனியம் ஹைட்ராக்சைடுடன் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு வருமே, அது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். கனிமவியலில் அதற்கு ஸ்ட்ருவைட் என்று பெயர். 1845-இல் உலெக்ஸ் என்ற வேதியியலர் அதை ஒரு புதிய கனிமமாக விவரித்தார். அது கிடைத்த இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டிய இடத்திலிருந்த ஒரு பழைய எருக்குழி! கழிவுநீரில் அம்மோனியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. மக்னீசியம் உப்பைச் சேர்த்துச் சற்றுக் காரமாக்கினால் படிகம் இறங்குகிறது. எடையில் மணிச்சத்து 12.6 விழுக்காடு, தழைச்சத்து 5.7 விழுக்காடு, மூலக்கூறு நிறையை வைத்து மாணவர்களே கணக்கிடலாம். நீரில் மெதுவாகத்தான் கரையும் என்பதால் ஒரே மழையில் அடித்துப் போகாது.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மாட்டுச் சாணத்தில் அவ்வளவு எளிதல்ல. அதில் மணிச்சத்தின் பெரும்பங்கு கால்சியத்தோடு சேர்ந்து நுண்துகள்களில் ஒட்டியிருக்கும். அமிலம் விட்டு அதை முதலில் கரைக்க வேண்டும், பிறகு காரம், இரண்டுக்கும் செலவு. பிறகு ஏன் செய்கிறார்கள்? நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கால்நடை மிகுதி, நிலம் குறைவு. 1991-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நைட்ரேட் ஆணை, கால்நடை எருவிலிருந்து எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடக்கூடாது என்று வரம்பு கட்டியது. மீதியைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் சாணக் கரைசலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். லாரியில் தண்ணீரையா ஏற்றுவது? சத்தைப் பிரித்துத் திடப்பொருளாக்கினால் அனுப்பலாம். அந்நாட்டின் புட்டன் என்ற ஊரில் கன்றுப் பண்ணைகளின் கழிவுநீரிலிருந்து, அம்மோனியத்துக்குப் பதில் பொட்டாசியம் அமர்ந்த ஸ்ட்ருவைட்டைப் பிரித்தார்கள்.

நம் ஊரில் நிலை நேர்மாறு. எருவுக்கு ஏங்கும் வயல் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மாட்டுக்குக் கோபுரமும் வேண்டாம், கந்தக அமிலமும் வேண்டாம். ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, கொட்டகைத் தரையில் மண்ணைப் பரப்பி, சிறுநீர் ஊறிய அந்த மண்ணை அள்ளி மட்கு உரத்தில் சேர்த்தார். வைக்கோல் கழிவும் தென்னை நார்க்கழிவும் அப்படியே உறிஞ்சும். குழிக்கு நிழல் வேண்டும்; மழைநீர் புகாத வரப்பு வேண்டும், இல்லையென்றால் சாம்பல்சத்து கரைந்தோடிவிடும். வயலில் கொட்டிய எருவை வாரக் கணக்கில் வெயிலில் காயவிடாமல் அன்றே உழுது மூட வேண்டும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: மீத்தேனாகப் போவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே, மூன்று சத்துகளும் கழிவில் அப்படியே தங்குகின்றன. ஆனால் தழைச்சத்தில் கூடுதல் பங்கு அம்மோனியமாக மாறியிருக்கும். அதைத் திறந்த வெளியில் உலர்த்தினால் கண் எதிரே பறிகொடுப்பதாகும்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது தவறு என்பதை முதலில் அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்போ சாம்பலை எங்க சார் போடறது?" என்றார். சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு, அதனால்தான் அந்தச் சத்துக்கே சாம்பல்சத்து என்று பெயர். எருவோடு மட்டும் சேர்க்காமல், வாழைக்கும் தென்னைக்கும் அடியில் தனியே மண்ணோடு கிளறிவிடுங்கள் என்றேன். கொட்டகைத் தரை ஓரமாகச் சரிவு எடுத்து, சிறுநீர் நேரே குழிக்கு வரும்படி மாணவியும் அவள் அண்ணனும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார்கள். குழியின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தார்கள்.

இந்த ஆண்டு செய்முறை வகுப்பில் அம்மோனியம் சோதனைக்கு முன் மூன்று பாட்டில்களையும் மஞ்சள் தாளையும் மேசையில் வைத்துவிடுகிறேன். ஈ பிரச்சினைக்கு மட்டும் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை என்று அந்த மாணவி நினைவூட்டியிருக்கிறாள்.