பெண்ணைக் கொண்டுவிடப் போனேன்!

"அம்மா! எனக்குத் தண்டர் பே என்கிற ஊரில் வேலை கிடைத்துவிட்டது" என்று டொராண்டோவிலிருந்து என் பெண் டெலிபோனில் சொன்னாள்.

"அது எங்கேயடி இருக்கிறது?"

"இதே ஒன்டாரியோ மாகாணத்தில்தான். காரிலேயே போய்விடலாம்."

ஏதோ பக்கத்து ஊர் போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அவளைக் குடிவைத்துவிட்டு வரலாம் என்று நானும் கனடாவுக்குப் போன பிறகல்லவா விஷயம் தெரிந்தது! தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம். அதற்கப்புறமும் அந்த மாகாணம் முடிகிறபாடில்லை!

கல்யாணமாகாத பெண், கடுங்குளிர் ஊர், காட்டு வழி. என் மனம் ஒப்பவில்லை. வழியெல்லாம் பேசி அவள் மனத்தை மாற்றிவிடுவது என்று புளியோதரையோடு அந்தத் தீர்மானத்தையும் கட்டி எடுத்துக்கொண்டேன். முதல் நாள் முழுவதும் பேசினேன். அவள் பதில் சொல்லாமல் கார் ஓட்டினாள். அன்றிரவு சூ செயின்ட் மரீ என்ற ஊரில் தங்கினோம்.

மறுநாள் காலை பதினேழாம் நம்பர் நெடுஞ்சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் என் பேச்சு தானாகவே நின்றது. எதிரே சுபீரியர் ஏரி!

ஏரி என்றால் நம் செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதையும் அதில் இறக்கி வைத்தாலும் சுற்றிலும் ஜலம் மிச்சமிருக்கும். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். அக்கரை தெரியாது; அலை வந்து மோதுகிறது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பில்லை! அதுவரையில் கடல் என்றே என் மனம் சாதித்துக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பாறை. வெடிவைத்துப் பிளந்த பாறைகளுக்கு நடுவே சாலை போகிறது. ரோஜா நிறமும் சாம்பல் நிறமுமாக நிற்கும் அந்தப் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்கிறார்கள். செப்டம்பர் கடைசியாதலால் மேப்பிள் மரங்கள் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்திருந்தன. வடக்கே போகப் போக மேப்பிள் குறைந்து, மஞ்சளாய்ப் பழுத்த பூர்ச்ச மரங்களும் ஊசியிலைக் காடும் வந்தன.

அகாவா என்னுமிடத்தில், ஏரிக்கு நேர்மேலே செங்குத்தான பாறையில் ஒஜிப்வே ஆதிகுடிகள் செங்காவியால் படங்கள் எழுதியிருக்கிறார்கள். படகு, பாம்பு, கொம்பு முளைத்த நீர்ப்பூனைத் தெய்வமான மிஷிபெஷு! ஏரியின் கொந்தளிப்பெல்லாம் அந்தத் தெய்வத்தின் கோபம்தானாம். அலை அடங்கிய நாளில்தான் அந்தச் சரிந்த கல்விளிம்பில் நின்று பார்க்க முடியும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் பெண்ணையும் பிடித்துக்கொண்டேன். அவள் பயமில்லாமல் நின்றாள்.

வாவா என்ற ஊர் வாசலில் 28 அடி உயரத்தில் ஓர் இரும்பு வாத்து நிற்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1960 வரை இந்தக் கரையோரம் சுமார் 265 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. காரில் மேற்கே போகிறவர்கள் வடக்கே வெகுதூரம் சுற்றினார்கள். இல்லாவிட்டால் அமெரிக்கா வழியாகப் போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சாலை திறந்தபோது, கார்கள் ஊருக்குள் வராமலே போய்விடுமே என்று உள்ளூர் வியாபாரிகள் கவலைப்பட்டு நிறுத்திய வாத்து அது! முதல் வாத்து பனியிலும் மழையிலும் உதிர்ந்துபோக, 1963-ல் இரும்பில் செய்தார்கள். இப்போது நிற்பது 2017-ல் வைத்த மூன்றாவது வாத்து.

அடுத்தது ஒயிட் ரிவர். 1914-ல் ரயில் நின்ற நேரத்தில், யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஹாரி கோல்போர்ன் என்ற மிருக வைத்தியர் இங்கே 20 டாலருக்கு ஒரு கரடிக் குட்டியை வாங்கினார். லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போன அந்தக் கரடியின் பெயரைத்தான் குழந்தைகளுக்குப் பிரியமான 'வின்னி த பூ' வைத்துக்கொண்டிருக்கிறது.

நிபிகான் பாலம் வந்தபோது என் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2016 ஜனவரியில், திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத இந்தப் பாலத்தின் தளம் கடுங்குளிர் நாளொன்றில் 60 சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க இங்கே வேறு சாலை இல்லை. மறுநாள் ஒரு பக்கம் திறக்கும் வரையில் கனடாவே காருக்கு இரண்டு துண்டாகிவிட்டது!

"பார்த்தாயா! இதற்குத்தான் சொல்கிறேன்" என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

தண்டர் பேயை நெருங்கும்போது அவள் காரை நிறுத்தினாள். மேட்டின் மேல் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை. டெர்ரி ஃபாக்ஸ்! புற்றுநோயால் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் பொய்க்காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நெஞ்சுக்குப் பரவி, 1980 செப்டம்பர் 1-ந் தேதி இதன் அருகே நின்றார். அடுத்த ஆண்டு, 22 வயதில் காலமானார். நாம் காரில் வந்த இதே சாலையில்தான் ஒற்றைக் காலால் ஓடியிருக்கிறார்!

"இவர் ஓடப்போவதாகச் சொன்னபோது, 'உனக்குப் பைத்தியமா?' என்றுதான் அவர் அம்மாவும் கேட்டாராம்" என்றாள் என் பெண், சிலையைப் பார்த்தபடியே.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் புளியோதரையை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு அநுபவத்தில் ஒரு வார்த்தை: பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. பெட்ரோல் பங்க் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இரவில் ஓட்டாதீர்கள், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மூஸ் என்ற பெரிய மான் சாலையின் நடுவே வந்து நிற்கும். கறுப்பு உடம்பு, இருட்டில் தெரியாது. மோதினால் அது நேரே கார்க் கண்ணாடியின் மேல்தான் விழும்.

ஒரு வாரம் இருந்து, அடுப்படியை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். விடைபெறும்போது, "திரும்பி வந்துவிடேன்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இருட்டின பிறகு காரை எடுக்காதே. மூஸ் வரும்!" என்று வாயில் வந்தது.

"சரி அம்மா" என்று சிரித்தாள் அவள்.