பலாலி: பக்கத்து ஊருக்குப் போகும் தூரத்து வழி

வாசக சகோதரிகளே, வீட்டிலே பிள்ளைகளின் தேசப்படப் புத்தகம் இருந்தால் எடுத்து விரித்து வையுங்கள். ஒரு நூலின் நுனியை யாழ்ப்பாணத்துப் பலாலியில் பிடித்துக்கொண்டு மறுநுனியைக் கொழும்புக்கு இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே நீளந்தான் சென்னைக்கும் வரும். திருச்சிக்கு என்றால் அதில் பாதியைவிடச் சற்றுக் கூட. பெண்கள் வகுப்பொன்றில் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. நூலால் அளந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பக்கமாக இருந்தும், யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், நெடுங்காலமாக ஓர் இரவு முழுக்கத் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் பிரயாணம் செய்து, அங்கே விமானம் ஏறி, வந்த திசைக்கே திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது. பலாலி விமான நிலையத்தின் கதையே இந்தச் சுற்றுவழியின் கதைதான்.

இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில் ஆங்கிலேய விமானப் படையினர் அமைத்த தளம் இது. யுத்தம் முடிந்தபின் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் அது. நேராகச் சென்னைக்கு அது போகவில்லை. காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலித் தளத்தில், இறங்கித்தான் போனது. இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே பலாலிக்கும் அதில் பங்கு இருந்தது. இதை நம் பாடப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

1978 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எயார் சிலோன் அவ்ரோ விமானம் ஒன்று, பிரயாணிகள் இறங்கிய பின் இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. அந்த ஆண்டோடு பலாலியின் வெளிநாட்டுச் சேவையும் நின்றது. பின்னர் யுத்தம் வந்தது. தளம் முழுவதும் படையினர் வசமானது. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படையினர் வந்து இறங்கியதும் இங்கேதான்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் பகுதிக் குடும்பங்கள் செம்மண் தோட்டங்களையும் வீடுகளையும் விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. புத்தளத்திலே அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக் காணியைப் பார்க்க முடியாத வேதனை என்னவென்று நம் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தரைப்பாதை அடைபட்டிருந்த வருடங்களில் சாதாரண மக்களும் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பறந்தார்கள். ஆசையால் அல்ல, வேறு வழியில்லாமல். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பிற்பகல் இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம், பத்து நிமிடமளவில் தொடர்பை இழந்தது. 48 பிரயாணிகள், 7 சிப்பந்திகள், ஒருவரும் மீளவில்லை. புலிகளின் ஏவுகணையே காரணம் என்று அரசாங்கத் தரப்பு கூறியது. சிதைவுகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012இல். 2014 ஜனவரியில், மீட்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் வைத்து, உறவினரை அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருடம் கழித்து மகனின் சட்டையைத் தேடி நின்ற உம்மாமாரை நினைத்துப் பாருங்கள்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி, 41 வருடங்களுக்குப் பிறகு, சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறக்கப்பட்டது. நவம்பர் 11இல் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையை ஆரம்பித்தது. நாலு மாதந்தான், கொரோனா வந்து 2020 மார்ச்சில் மூடினார்கள். 2022 டிசம்பர் 12இல் மறுபடி விமானம் வந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30இல் திருச்சிச் சேவையும் ஆரம்பமானது.

இங்கு வருபவை ஏ.டி.ஆர். என்னும், விசிறி சுழலும் சிறு விமானங்கள். எண்பது பேருக்குக்கூட இடமில்லை. ஆனால் குறுகிய ஓடுபாதை அவற்றுக்குப் போதும். பாரம் கூடினால் மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும். சேலைப் பொதிகளை நிறுத்துப் பார்த்து முகம் சுளிக்கும் அதிகாரியைக் கோபித்துப் பயனில்லை, சகோதரிகளே! பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய இன்னொரு விஷயம்: விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கிறது. நமது இரண்டு பருவக் காற்றுகளும் வீசும் திசைகள் அவையே.

போக விரும்புவோர் இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. குடிவரவு, சுங்கச் சோதனைகள் கட்டுநாயக்கவில் போலத்தான். கட்டடம் மட்டும் சிறியது. வயதானவர்களுக்கு அந்தச் சிறுமை ஒரு வசதி. நெடுந்தூரம் நடக்கத் தேவையில்லை.

பெரிய விமானம் வர வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. பெரிய விமானத்துக்கு நீண்ட, பலமான ஓடுபாதை வேண்டும். நீட்ட வேண்டுமானால் காணி வேண்டும். சுற்றியுள்ள காணிகள் 1990இல் ஓடியவர்களுடையவை. பகுதி பகுதியாக விடுவித்தார்கள் என்றாலும், 2025 ஆகியும் எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. காணி உறுதியைப் பெட்டகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்தக் குடும்பங்களிடம், நிலத்தை அளக்கும் முன்னர் சம்மதம் கேட்க வேண்டும். காணி வேண்டுமா, நியாயமான விலை வேண்டுமா என்று அவர்களே சொல்லட்டும்.